பாவித்த பிக்கப்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2016 ஃபோர்ட் எஃப்-150 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அலுமினியம் என்பதால் கறள் பிடிக்காது என்கிறார் விற்பவர். நம்பலாமா? (வாசகர், ஸ்காபரோ)

பதில்: பாதிதான் உண்மை. 2015 மாடலில் இருந்து கபினும் பின்பெட்டியும் அலுமினியம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான ஃபிரேம் அன்றும் இன்றும் உருக்குத்தான். ஒன்ராறியோ வீதிகளில் கொட்டும் உப்பு அதைத்தான் தின்னும். டோர்ச்சோடு வண்டிக்கு அடியில் படுங்கள். பின் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) ஃபிரேமோடு சேரும் இடங்கள், ஸ்பெயர் ரயருக்கு மேலே உள்ள குறுக்குச் சட்டம், பெற்றோல் தாங்கிக்கு மேலால் ஓடும் பிறேக் குழாய்கள், இந்த மூன்றும் முக்கியம். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல உருக்கு கணீரென்று ஒலிக்கும். மந்தமாகச் சத்தம் வந்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ விலகிவிடுங்கள். பழைய வண்டியின் ஃபிரேமில் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ற் இருந்தால் அது அழகுக்காக அடித்ததாக இருக்காது. ஸ்பெயர் ரயரையும் இறக்கிக் காட்டச் சொல்லுங்கள், அதன் கேபிள் கறள் பிடித்து இறுகிப்போவது வழக்கம்.

வாங்கிய பிறகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் வண்டிக்கு அடியில் கறள் தடுக்கும் எண்ணெய் ஸ்பிறே அடியுங்கள். ஏற்கெனவே கறள் இருக்கும் இடத்தில் றப்பர் பூச்சு வேண்டாம். அது ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும்.

ஒன்ராறியோவில் தனியாரிடம் வாங்கினால் பாவித்த வாகனத் தகவல் பொதியை விற்பவர் தரவேண்டும். வண்டி வீதியில் ஓடத் தகுதியானது என்று தரும் சேஃப்ரி சான்றிதழ் 36 நாளுக்குத்தான் செல்லும். அது ஆகக்குறைந்த தரத்தைச் சொல்கிறதே தவிர எஞ்சினுக்கு உத்தரவாதம் அல்ல. 13% வரியை, கொடுத்த விலை, பாவித்த வாகன விலைப் புத்தகத்தில் உள்ள மொத்தவிலை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் போடுவார்கள். பற்றுச்சீட்டில் விலையைக் குறைத்து எழுதிப் பயனில்லை.

கேள்வி: என்னிடம் 2006 எஃப்-150, 5.4 லீற்றர் ட்ரைற்றன் எஞ்சின். ஸ்பாக் பிளக் மாற்றப் போன இரண்டு கராஜில் மறுத்துவிட்டார்கள். ஏன்? (வாசகர், மார்க்கம்)

பதில்: பிளக் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். நியாயமான பயம்தான். சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட இந்த எஞ்சினில் வந்த பிளக் இரண்டு துண்டாகச் செய்து சேர்த்தது. கீழே நீண்டிருக்கும் மெல்லிய உறையைச் சுற்றிக் கரி இறுகிவிடும். திருகும்போது மேல்பாதி கழன்று வர, உறை, சிலிண்டர்களின் மேல்பகுதியான ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும். 2007 இறுதியில் வடிவம் மாறியது. ஆகவே 2008 மாடல் வைத்திருப்பவர்கள் கதவோரம் ஒட்டியுள்ள தகவல் சீட்டில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். பிளக்குக்கு மேலுள்ள கொயிலைக் கழற்றி, பிளக் இருக்கும் குழியை அமுக்கக் காற்றால் ஊதித் துப்புரவாக்குங்கள். பிளக்கை எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்று வரை மட்டும் இளக்கி, கார்புரேற்றர் கிளீனரைச் சிறிதளவு விட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். அளவுக்கு மீறி ஊற்றினால் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கி, ஸ்ராட் பண்ணும்போது எஞ்சினையே கெடுக்கும். பிறகு இறுக்கி, இளக்கி, இறுக்கி, இளக்கி மெல்ல மெல்ல வெளியே எடுக்கவேண்டும். கிறீச்சென்ற சத்தம் வரும், அது வழமை. அவசரப்பட்டால்தான் உடையும். உடைந்தாலும் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை, இதற்கென்றே உறையைப் பிடித்து இழுக்கும் கருவி விற்கிறது. எட்டுப் பிளக்கையும் ஒரே தடவையில் மாற்றுங்கள், ஒற்றைத் துண்டாகச் செய்தவையே நல்லது. இறுகிப்போகாமல் காக்கும் நிக்கல் அன்ரி-சீஸ் பசையை உறையில் பூசுங்கள், மரையில் அல்ல. இறுக்கம் 34 நியூட்டன் மீற்றர்.

நீங்கள் கேட்காத ஒன்று: எஞ்சின் சூடானபின், வண்டி நின்றபடி ஓடும் ஐடிலில் டீசல் போலத் தட்டுகிறதா? அது வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் காம் ஃபேசர். பெரும்பாலும் செயினை இறுக்கிப் பிடிக்கும் ரென்ஷனரின் சீல் பிய்ந்து எண்ணெய் அழுத்தம் குறைவதால் வருவது. ஃபேசரை மட்டும் மாற்றி ரென்ஷனரை விட்டால் தட்டல் திரும்பி வரும்.

கேள்வி: 2012 செவ்ரோலே சில்வராடோ, 5.3 லீற்றர் எஞ்சின். காலையில் டிக்-டிக் சத்தம். வால்வைத் தள்ளித் திறக்கும் லிஃப்ரர் போய்விட்டதா? (வாசகர், பிராம்டன்)

பதில்: சில நிமிடத்தில் சத்தம் அடங்கினால், லிஃப்ரரைவிட, புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ட் மனிஃபோல்டின் பின்கோடி போல்ற் உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி அடைபட்டுவிடும். சூடானபின்னும் சத்தம் தொடர்ந்து, எஞ்சின் உதறி, P0300 கோட் (சிலிண்டரில் எரிதல் தவறுகிறது எனும் குறியீடு) வந்தால் லிஃப்ரர். எரிபொருள் மிச்சப்படுத்த 1, 4, 6, 7 ஆம் சிலிண்டர்களை நிறுத்தும் ஏற்பாடு இதில் உண்டு; அந்தச் சிலிண்டர்களின் லிஃப்ரர்தான் மாட்டிக்கொள்ளும். மாற்ற ஹெட் கழற்றவேண்டும், வால்வுகளை இயக்கும் காம் தண்டு தேய்ந்திருந்தால் அதுவும் சேரும். பழுதுக் கோட் வாசிக்கும் ஓபிடி துளையில் செருகும் கருவி அந்த ஏற்பாட்டை நிறுத்திவைக்கும், ஆனால் கெட்ட லிஃப்ரரைத் திருத்தாது. எண்ணெயை நேரத்துக்கு மாற்றுங்கள்: 5W-30, 5.7 லீற்றர்.

கேள்வி: ஐந்து பேரோடு 5,000 இறாத்தல் ட்ரெயிலர் இழுக்கலாமா? விளம்பரத்தில் 9,000 என்று இருக்கிறது. (வாசகர், ஏஜாக்ஸ்)

பதில்: விளம்பரத்தை விடுங்கள், சாரதி கதவோரம் ஒட்டியுள்ள மஞ்சள் தகவல் சீட்டில் ஆட்களும் சுமையும் சேர்ந்து எவ்வளவு என்று பாருங்கள். 1,500 இறாத்தல் என்று இருந்தால், ஆளுக்கு 160 படி ஐந்து பேருக்கு 800 போகும், மிஞ்சுவது 700. ட்ரெயிலரின் எடையில் 10 முதல் 15 வீதம் கொக்கியில் அமரும்: 500 முதல் 750. மிஞ்சுவது 700. ஆகவே இழுக்கலாம், கொக்கியில் அமரும் எடை 700ஐத் தாண்டாதபடி ட்ரெயிலரில் சுமை சரியாகப் பரவியிருந்தால். பின்பெட்டியில் பொருள் ஏற்ற எடை அதிகம் மிஞ்சாது.