நைட் ஆகக் காத்திருக்கும் சிறுவர்கள்: கேள்வி பதில்

இடைக்கால ஐரோப்பாவில் நைட் (knight) எனப்பட்ட, கவசமணிந்த குதிரை வீரர்களிடம் பயிற்சி பெறும் சிறுவர்களை வைத்து மிகுபுனைவு நாவல் எழுத முயலும் அன்பர்களின் கேள்விகளுக்குப் புதுச்சேரியிலிருந்து எழுதும் பதில்கள் இவை.

முத்தியால்பேட்டை அன்பர்: ஐயா, ஸ்குவையர் என்பவர் வேலைக்காரரா, மாணவரா?

இரண்டும்தான். கேடயம் சுமப்பவரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஏறத்தாழ 7 வயதில் பிரபுவின் வீட்டில் ஏவலனாகச் சேரும் சிறுவன், 14 வயதை ஒட்டி ஸ்குவையராகி, 21 வயதளவில் நைட் ஆவதே பொதுவான வழக்கம். 1995இல் சிவாஜி கணேசனுக்குப் பிரெஞ்சு அரசு செவாலியே விருது அளித்ததே, அந்தச் சொல்லுக்கும் நைட் என்றுதான் பொருள்.

மஞ்சக்குப்பம் அன்பர்: என் நாவலின் முதல் ஐந்து அத்தியாயங்களும் வாட்போர்தான், ஆயினும் படித்தவர்கள் சலிப்பூட்டுகிறது என்கிறார்கள்.

அவர்கள் சொல்வது சரி. ஸ்குவையரின் நாள் பெரும்பாலும் குதிரையைப் பராமரிப்பதிலும், எசமானருக்கு இறைச்சி அறுத்துப் பரிமாறுவதிலும், அவருக்குக் கவசம் பூட்டிவிடுவதிலுமே கழிந்தது. சங்கிலிக் கவசத்தில் துரு ஏறினால், அதை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டுவார்கள். கடலூர் உப்புக்காற்றில் சைக்கிள் செயின் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட இரும்பு வளையங்கள் பீப்பாய்க்குள் சரசரக்க, உள்ளங்கை கன்றிப்போன பையன் முற்றத்தின் இக்கோடிக்கும் அக்கோடிக்கும் உருட்டிக்கொண்டிருக்கட்டும். அவன் எப்படிப்பட்டவன் என்பது வாள் எடுக்கும் முன்பே வாசகருக்குப் புரிந்துவிடும்.

லாசுப்பேட்டை அன்பர்: பயிற்சியில் நகைச்சுவைக்கு இடமுண்டா?

குவின்டெய்ன் இருக்கிறதே! நட்ட கம்பத்தின் மேல் சுழலும் குறுக்குக்கட்டை. ஒரு முனையில் கேடயம், மறுமுனையில் மணல்மூட்டை. குதிரையில் பாய்ந்து வந்து ஈட்டியால் கேடயத்தைக் குத்தியவன் விரைந்து கடக்காவிட்டால், சுழன்று வரும் மூட்டை அவன் முதுகில் அறையும். உங்கள் கதாநாயகன் மூன்று முறையாவது அறை வாங்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை.

நெல்லிக்குப்பம் அன்பர்: நைட் ஆகும் சடங்கு எப்படியிருக்கும்?

விரிவான சடங்கில் நீராடல், தேவாலயத்தில் இரவெல்லாம் கண்விழித்தல், குதிமுள்ளும் (குதிரையை முடுக்கக் குதிகாலில் அணிவது) வாளும் அணிவித்தல் ஆகியவை உண்டு. போர்க்களத்திலேயே சுருக்கமாகப் பட்டம் பெற்றவர்களும் இருந்தனர்.

பண்ருட்டி அன்பர்: மந்திரம் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம், துரு நீக்கும் மந்திரத்தை மட்டும் அந்தப் பையனுக்குக் கற்றுக்கொடுத்துவிடாதீர்கள்.