மலையாளம் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமமும் குடும்ப ஜெபமும் எப்படிப் பழக்குவது?

கேட்டிருப்பவர் கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் இருக்கும் பாறசாலைக்காரர். மகன் நாலாம் வகுப்பு, மலையாளம் மீடியம். மகள் யு.கே.ஜி. ராத்திரி ஜெபத்தில் இரண்டு பேரும் தூங்கி விழுகிறார்கள். பையனுக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்க வரவில்லை. மலையாளத்துக்கே மாறிவிடலாமா என்றால் மாமியார் சம்மதிக்கவில்லை.

மாற வேண்டாம். அதற்காக மலையாளத்தை வாசலில் நிறுத்தவும் வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் பையன் தமிழுக்கு வர முடியும்.

சபைகளில் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான 'பழைய திருப்புதல்' கஷ்டம் என்று எளிய தமிழ்ப் பதிப்பு வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. சென்னைப் பிள்ளைக்கு அது சரி. எல்லையோரப் பிள்ளைக்குக் கதை தலைகீழ். பழைய திருப்புதலில் வரும் கிருபை, விசுவாசம், பரிசுத்தம், சாட்சி, உயிர்த்தெழுதல் எல்லாமே கொஞ்சம் ஒலி மாறி மலையாளத்திலும் இருக்கிற சொற்கள். அவனுக்குச் சொல் தெரியும், எழுத்துதான் தடை. அதிலும் பாதி வேலை முடிந்தே இருக்கிறது: ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மலையாளத்திலும் எழுத்துக்கு முன்னால்தான் வரும், வ, உ இரண்டுக்கும் இரு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே முகச்சாயல். அவன் திணறுவது வேறு இடத்தில். மலையாளத்தில் த-வுக்கு ஓர் எழுத்து, தேவனில் வரும் ஒலிக்கு வேறு எழுத்து. தமிழில் இரண்டுக்கும் ஒரே த. அதனால் எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொன்னால் தப்பாகத்தான் வரும். முதலில் நீங்கள் வாசியுங்கள், அவன் விரல் வைத்துப் பின்தொடரட்டும், பிறகு அதே வசனத்தை அவன் வாசிக்கட்டும்.

நீளச் சொற்களைப் பென்சிலால் வெட்டிக் கொடுங்கள். 'பரமண்டலங்களிலிருக்கிற' என்பது ஒரே சொல்லாக நின்றால் பெரியவருக்கே மூச்சு வாங்கும். பர / மண்டலங்களில் / இருக்கிற என்று கோடு போட்டால் தாண்டிவிடுவான்.

ஒரே மாதிரி ஒலித்துப் பொருள் மாறும் சொற்களை விட்டுவிடாதீர்கள். முக்கியமானது 'பாவம்'. மலையாளத்தில் அதற்கு 'ஐயோ பாவம்' என்ற பொருள் மட்டுமே. நாம் செய்கிற பாவத்துக்கு அங்கே 'பாபம்'. 'நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்' என்று வாசிக்கிற பிள்ளை எதை அறிக்கையிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

23-ம் சங்கீதத்தை இரண்டு மொழியிலும் பக்கத்தில் வையுங்கள். அங்கே 'யஹோவ என்டெ இடயனாகுன்னு', இங்கே 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்'. இரண்டும் வேறு வேறு கடவுளா என்று பையன் கேட்பான், கேட்கட்டும். மலையாள வேதாகமம் பெயரை அப்படியே எழுதுகிறது, தமிழ் அந்த இடத்தில் கர்த்தர் என்று எழுதுகிறது. அவ்வளவுதான் பதில்.

தூக்கத்துக்குக் காரணம் மொழி இல்லை, நேரம். சாப்பாடு முடிந்து ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொக்கும். ஏழரைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். மொத்தம் பன்னிரண்டு நிமிடம் போதும்: பாட்டில் இரண்டு சரணம், எட்டு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம். அப்பா கால் மணி நேரம் உலக சமாதானத்துக்காக ஜெபிக்கிற வீட்டில்தான் பிள்ளைகள் அதிகம் தூங்குகிறார்கள். அந்த ஜெபத்தை அவர் காலையில் தனியாகச் செய்யலாம்.

ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள், லேவியராகமம் வரும்போது எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள். மத்தேயுவும் வம்ச வரலாற்றில் தொடங்குவதால் முதல் நாளே பெயர்ப் பட்டியலில் சிக்கும். மாற்கு நல்லது: 16 அதிகாரம், 678 வசனம், நாளுக்கு எட்டு என்றால் மூன்று மாதத்துக்குள் முடியும், சம்பவங்களும் வேகமாக ஓடும்.

மாமியாருக்கு மறுப்பைவிட வேலை கொடுங்கள். மனப்பாட வசனம் அவர் பொறுப்பு, தமிழில் மட்டும், வாய்ப்பாடமாக. வாரத்துக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பழைய நான்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தினம் ஒன்று என்று தொடங்கினால் பத்தாம் நாள் ஒன்றும் நிற்காது. யு.கே.ஜி. பிள்ளைக்கு எழுத்தே வேண்டாம், பாட்டி வாயிலிருந்து வருவது போதும்.

ஆனால் ஜெபத்தில் யாரும் மொழியைத் திருத்தக் கூடாது. 'கர்த்தாவே, நாளைக்குப் பரீட்சைக்கு சகாயிக்கணே' என்று பையன் கலந்து சொன்னால் ஆமென் சொல்லிவிட்டு நகருங்கள். நடுவில் நிறுத்தி 'உதவி செய்யும்னு சொல்லுடா' என்றால் மறுநாள் அவன் வாய் திறக்க மாட்டான். மரியாதை விகுதியும் அப்படித்தான். மலையாள வினையில் அது கிடையாது என்பதால் இயேசு 'வந்தார்' என்பது 'வந்தது' என்று வரலாம். வாசிக்கும்போது திருத்துங்கள், ஜெபிக்கும்போது விடுங்கள்.

பிள்ளைகள் வளர்ந்தபின் முதல் நற்கருணைக்கு ஆயத்தமாகும் திடப்படுத்தல் வகுப்பு எந்த மொழியில் நடக்கும் என்று ஆயரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மலையாளம் என்றால் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் இரண்டு மொழியிலும் பழக்க வேண்டிவரும். தமிழில் முதலில் நின்றுவிட்டால் மலையாளத்தில் ஏற்றுவதற்குச் சில வாரம் போதும்.