ஜாஸ், ராக் பாடல்களில் 5/4, 7/4 என்கிறார்களே, அது என்ன?

பாட்டுக்குக் கால் தட்டும்போது, சில தட்டுகளுக்கு ஒருமுறை 'இங்கே மறுபடி ஆரம்பம்' என்பதுபோல் ஓர் அழுத்தம் விழும். ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு என்பதுதான் மேல் எண். கீழ் எண் எழுதிப் படிப்பவர்களுக்கானது, கேட்பவர்கள் மறந்துவிடலாம்.

ராக், பாப் பாடல்கள் பெரும்பாலும் 4 தட்டுதான். வேறு எண் வந்தால் ஏன் தடுமாறுகிறோம்? நமக்கு இரண்டு கால். நடந்துகொண்டே நான்கு நான்காக எண்ணுங்கள்: ஒவ்வொரு 'ஒன்று'ம் ஒரே காலில் விழும். ஐந்தைந்தாக எண்ணினால் ஒருமுறை இடது, அடுத்தமுறை வலது.

ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புருபெக்கின் குழு 1959இல் பதிவுசெய்த 'டேக் ஃபைவ்' அப்படி 5 தட்டு கொண்டது. அதில் பியானோவை மட்டும் கவனியுங்கள். ஐந்து தட்டும் மூன்று, இரண்டு எனப் பிரிந்து 3+2, 3+2 என்று விடாப்பிடியாக ஓடும். அதைப் பிடித்துக்கொண்டால் மீதி தானாக விளங்கும். பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'மணி' (1973) பெரும்பாலும் 7 தட்டு, கிட்டார் சோலோவில் (கிட்டார் தனித்து முன்னணியில் ஒலிக்கும் பகுதி) 4க்கு மாறும்.

ஒற்றைப்படை எண் என்றாலே விசித்திரத் தாளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, வால்ட்ஸ் நடனத்துக்கு 3 தட்டுதான்.