15 வயது மகன் பரோட்டா, ஃப்ரைட் ரைஸ், கூல்டிரிங்க்ஸ் என்றே இருக்கிறான். ஆள் ஒல்லிதான். இப்போதே இதயத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், வயது 16. பெல்ட்டில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டால்தான் பேண்ட் இடுப்பில் நிற்கும். ‘வளர்ற பையன், கல்லைத் தின்றாலும் செரிக்கும்’ என்று நானும் விட்டுவிட்டேன். போன வருடம் என் அண்ணனுக்கு 44 வயதில் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அண்ணனும் ஒல்லிதான். அதன் பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்கள் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்து, 1953இல் கட்டுரை வெளியிட்டார்கள். சராசரி வயது 22. உடல் தகுதி பார்த்துப் பட்டாளத்தில் சேர்த்த பையன்கள். அவர்களில் நூற்றுக்கு 77 பேரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் கண்ணுக்கே தெரிந்தது. அப்படியென்றால் கொழுப்பு படிய ஆரம்பித்தது அதற்கும் முன்னால், பள்ளிக்கூட வயதில்.

பையன்களுக்கு இன்னொரு சிக்கல். மீசை அரும்பும் பருவத்தில் நல்ல கொழுப்பு என்கிற எச்டிஎல் அவர்களுக்குக் குறைகிறது. பெண் பிள்ளைகளுக்கு அவ்வளவு குறைவதில்லை. போதாததற்கு, நம் துணைக்கண்டத்துக்காரர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவர்களுக்கு 59 ஆகிறது என்று 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு சொல்கிறது.

இதையெல்லாம் படித்த சூட்டில் நான் செய்த முதல் வேலை, கைச்செலவுக் காசை நிறுத்தியது. அவன் நண்பன் கணக்கில் சாப்பிட்டான். கடன் 640 ரூபாய் ஆன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அப்புறம் அவன் எப்போது சாப்பிடுகிறான் என்று கவனித்தேன். காலை ஏழு மணி வேனுக்கு ஓடுவதால் அரை இட்லி. மதிய டப்பாவில் சாதம் காலி, பொரியல் அப்படியே திரும்பி வரும். நாலரைக்குப் பள்ளி விடும், ஐந்தரைக்கு டியூஷன். அந்த ஒரு மணி நேரப் பசியில்தான் தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ். நாள் முழுக்க நாற்காலியில் இருக்கும் எனக்குத் தேவை 2,110 கிலோகலோரி. அவன் வயதுக்கு 3,300க்கு மேல் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. என்னைவிட ஒன்றரை மடங்கு வேண்டியவனுக்கு நாங்கள் என்னைவிடக் குறைவாகக் கொடுத்துக்கொண்டிருந்தோம்!

இப்போது பையில் இரண்டாவது டப்பா போகிறது. அவித்த முட்டை இரண்டு, சுண்டல் அல்லது வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம். ‘ஆயா கடை டப்பா’ என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்களாம். இப்போது முட்டைக்கு அவர்களும் பங்கு கேட்கிறார்கள், அதனால் நான்காக வைக்கிறோம். வாரத்தில் நான்கு நாள் கடை நின்றது. கூல்டிரிங்க்ஸ் மட்டும் இன்னும் முழுசாக விட்டபாடில்லை.

கடையை மட்டும் குறை சொல்லாதீர்கள். வனஸ்பதியில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 முதல் விதி இருக்கிறது. அதே எண்ணெயை நாலு நாள் காய்ச்சுவது வேறு கதை. ஆனால் உப்பு வீட்டிலும் இருக்கிறது. நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வீட்டு ஊறுகாயும் அப்பளமும் அதைச் சத்தமில்லாமல் தாண்ட வைத்தன.

உங்கள் குடும்பத்தில் அப்பா, தாத்தா, சித்தப்பா, மாமா என்று எந்த ஆணுக்காவது 55 வயதுக்குள் மாரடைப்போ ஸ்டென்ட்டோ என்றால் மருத்துவரிடம் அதைச் சொல்லி, பையனுக்கு லிப்பிட் ப்ரொஃபைல் என்கிற ரத்தக் கொழுப்புப் பரிசோதனை எடுக்கலாமா என்று கேளுங்கள். சிலருக்குக் கொலஸ்ட்ரால் பரம்பரையிலேயே எகிறியிருக்கும், சாப்பாட்டை மாற்றினால் மட்டும் இறங்காது. அண்ணன் கதையைக் கேட்டதும் மருத்துவர் என் மகனுக்கும் எழுதிக் கொடுத்தார். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் பரவாயில்லை, எச்டிஎல்தான் குறைவு, 36. ஒரு வருடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்.