டிவி தொடர்களில் வரும் ரோபோக்களில் சில மட்டும் ஏன் மறப்பதே இல்லை?

ஒரு குறையோ ஏக்கமோ இருக்கிற ரோபோதான் மனதில் ஒட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து. எங்கள் பாம்பன், மண்டபம் பக்கம் ஆன்டெனாவைத் திருப்பினால் இலங்கை ரூபவாஹினியும் கிடைத்த அந்தக் காலத்தில், தூர்தர்ஷனில் வந்த 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோவை எடுத்துக்கொள்ளுங்கள். சுஜாதா படைத்த ரோபோ நாய். வெறும் செல்லப்பிராணியாக வந்து, புத்தகம் படித்து, தானாக யோசிக்கத் தொடங்கி, போகப்போக கதாநாயகி நிலாவுக்கு வழிசொல்லும் அளவுக்கு வளர்ந்துவிடும், அந்த வளர்ச்சிதான் அதன் அழகே. இன்றைய தொண்டி, கீழக்கரைப் பிள்ளைகளுக்கு டோரேமான். 22ஆம் நூற்றாண்டு இயந்திரப் பூனை, பையில் இல்லாத கருவி இல்லை, ஆனாலும் எலியைக் கண்டால் அலறும், ஏனென்றால் அதன் காதைத் தின்றதே எலிதான்!

அப்புறம் டேட்டா. 'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' (1987-94) தொடரில் வரும் இந்த ஆண்ட்ராய்டுக்கு, அதாவது மனித உருவ ரோபோவுக்கு, அபார நினைவாற்றல், அபார பலம், ஆனால் மனிதனாக வேண்டும் என்ற ஏக்கம் தீராது. 1989இல் வந்த ஒரு பகுதியில் அவனைப் பிரித்து ஆராய ஒருவர் கேட்க, அவன் விண்படையின் உடைமையா, தன் முடிவைத் தானே எடுக்கலாமா என்று விசாரணையே நடக்கும். உடைமை இல்லை என்று தீர்ப்பு வரும். ஒன்றே ஒன்று பார்ப்பதென்றால் அந்தப் பகுதியைப் பாருங்கள்.