கடைக்கு வராமல் போன நட்சத்திரம்

போன இதழில், விமர்சகர்கள் எல்லோரும் பாராட்டியும் விற்காமல் போன பிக் ஸ்டார் என்ற ராக் குழுவின் மறுவெளியீட்டு எல்பி (இசைத்தட்டு) ஒன்றைப் பற்றி ஓரமாக நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கடிதமா என்று ஆசிரியரே கேட்டார். சரி, இந்த முறை பக்கம் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி: முப்பது வருடமாக ராக் கேட்கிறேன். பிக் ஸ்டார் என்ற பெயர் காதில் விழுந்ததே இல்லை. யார் சார் இவர்கள்?

பதில்: வெட்கப்படாதீர்கள், அவர்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. ஊர், அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ். 1971-இல் சேர்ந்த நாலு இளைஞர்கள். கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன் இருவரும் கிடாரும் பாட்டும். ஆண்டி ஹம்மல் பாஸ் கிடார். ஜோடி ஸ்டீஃபன்ஸ் டிரம்ஸ். இதில் சில்டன் மட்டும் ஏற்கெனவே பிரபலம். 16 வயதில், 1967-இல், பாக்ஸ் டாப்ஸ் என்ற குழுவுக்காக அவர் பாடிய 'தி லெட்டர்' அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. அந்தப் பாட்டில் அவர் குரலைக் கேட்டால் நாற்பது வயது ஆள் என்றுதான் நினைப்பீர்கள். பிக் ஸ்டாரில் அதே ஆள் பையனாகத் திரும்பி வந்திருப்பார்.

இவர்களுக்கு வாய்த்த பெரிய அதிர்ஷ்டம் ஆர்டென்ட் ஸ்டுடியோ. அதை நடத்திய ஜான் ஃப்ரை, இந்தப் பையன்களுக்கு ஒலிப்பதிவு வேலையையே கற்றுக்கொடுத்து, வாடிக்கையாளர்கள் போன பிறகு ராத்திரி நேரத்தில் ஸ்டுடியோவைத் திறந்து விட்டார். முதல் ஆல்பத்தில் ஒவ்வொரு கிடாரும் தனித்தனியாகக் கண்ணாடி போலக் கேட்பதற்கு அந்த ராத்திரிகள்தான் காரணம்.

நான் இவர்களிடம் வந்து சேர்ந்தது பின்வாசல் வழியாக. ரீப்ளேஸ்மென்ட்ஸ் என்ற குழுவின் 1987 ஆல்பத்தில் 'அலெக்ஸ் சில்டன்' என்றே ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு பாட்டுக்கே இந்த ஆளின் பெயரை வைக்கிறார்களே, யார் இவர் என்று தேடப்போய், முதல் இரண்டு ஆல்பங்களும் ஒரே தட்டில் அடங்கிய 1992 சிடி கைக்கு வந்தது. முதல் தடவை கேட்டபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாம் தடவை துணி மடித்துக்கொண்டே ஓட விட்டிருந்தேன். 'தர்ட்டீன்' முடிந்தபோது அதே சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். டிரம்ஸ் கிடையாது. கிடார்களும் குரல்களும் மட்டும். பள்ளிக்கூடம் விட்டதும் உன்னோடு வீடு வரை நடந்து வரலாமா என்று ஒரு பையன் கேட்கிறான். மொத்தமே இரண்டரை நிமிடம்தான்.

கேள்வி: குழுவின் பெயர் பெரிய நட்சத்திரம், முதல் ஆல்பத்தின் பெயர் 'நம்பர் 1 ரெக்கார்ட்'. கொஞ்சம் தலைக்கனம் இல்லையா?

பதில்: குழுவின் பெயரில் இல்லை. பிக் ஸ்டார் என்பது அந்த வட்டாரத்தில் கிளைகள் பரப்பியிருந்த ஒரு பலசரக்குக் கடை. ஸ்டுடியோவுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. ஒலிப்பதிவுக்கு நடுவே தின்பண்டம் வாங்கப் போகும் இடம். பெயர் கிடைத்துவிட்டது. ஆல்பத்தின் பெயரில் கொஞ்சம் குறும்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குறும்புக்கு அவர்கள் கொடுத்த விலைதான் அதிகம்.

கேள்வி: விமர்சகர்கள் எல்லோரும் பாராட்டினார்கள் என்கிறீர்கள். அப்புறம் ஏன் விற்கவில்லை? மக்களுக்குப் பிடிக்காமல் போனதா?

பதில்: மக்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல, முதலில் அது மக்கள் கைக்குப் போயிருக்க வேண்டும். என் பேச்சே இதுதான், மற்றதெல்லாம் கிளைக்கதை. 1972-இல் முதல் ஆல்பம் வந்தபோது ஆர்டென்ட் ஸ்டுடியோவின் சொந்த லேபிளில் வெளியான தட்டுகளைக் கடைக்கு அனுப்பும் பொறுப்பு அதே ஊரின் ஸ்டாக்ஸ் கம்பெனியிடம் இருந்தது. ஓட்டிஸ் ரெட்டிங், ஐசக் ஹேயஸ் பாடிய இடம். கறுப்பின அமெரிக்கர்களின் சோல் இசையை விற்பதில் கில்லாடிகள். எந்த வானொலி, எந்தக் கடை என்று விரல் நுனியில் வைத்திருந்தவர்கள். ஆனால் கிடார் ஏந்திய நாலு வெள்ளைக்காரப் பையன்களை எங்கே கொண்டுபோய் விற்பது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பாட்டு வானொலியில் வரும், கேட்டவர் கடைக்குப் போவார், கடைக்காரர் கையை விரிப்பார். வெளிவந்த சமயத்தில் 10,000 தட்டுகள்கூட விற்கவில்லை.

நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று ஸ்டாக்ஸ் ஒரு காரியம் செய்தது. விநியோகம் முழுவதையும் கொலம்பியா என்ற பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்தது. கொலம்பியாவுக்கு ஸ்டாக்ஸின் பழைய சில்லறை விநியோகஸ்தர்களோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கடைகளில் இருந்த கொஞ்சநஞ்சத் தட்டுகளையும் திரும்ப எடுத்துக்கொண்டது. கிறிஸ் பெல் மனம் உடைந்து 1972 கடைசியில் குழுவை விட்டுப் போனார்.

குழுவும் ஏறக்குறைய கலைந்துவிட்டது. 1973 மே மாதம் மெம்ஃபிஸில் ராக் பத்திரிகையாளர்களுக்காக ஒரு மாநாடு நடந்தது. மிச்சமிருந்த மூவரும் அதற்காகச் சேர்ந்து வாசித்தார்கள். எழுதுகிற ஆட்கள் எழுந்து ஆடினார்கள் (என் இனத்தில் இது அபூர்வம்). அந்தத் தெம்பில் உருவானதுதான் இரண்டாவது ஆல்பம் 'ரேடியோ சிட்டி', 1974. அதற்குள் ஸ்டாக்ஸுக்கும் கொலம்பியாவுக்கும் தகராறு முற்றி, கொலம்பியா அந்த ஆல்பத்தைக் கையாளவே மறுத்துவிட்டது. சுமார் 20,000 தட்டு விற்றதோடு நின்றது. ஹம்மலும் விலகினார். 1975 கடைசியில் ஸ்டாக்ஸே திவால். மீந்திருந்த சில்டனும் ஸ்டீஃபன்ஸும், ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் மூன்றாவது ஆல்பத்துக்காக ஒலிப்பதிவு செய்தது 1974-இல். அது வெளிவர 1978 ஆயிற்று.

கேள்வி: முதல் ஆல்பத்தில் 'தி இந்தியா சாங்' என்று ஒன்று இருக்கிறதாமே? சிதார் உண்டா?

பதில்: சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. புல்லாங்குழல் சாயலில் ஒரு மெல்லிய ஒலி மட்டும் மிதக்கும். எழுதியவர் ஹம்மல். காட்டுக்கு நடுவே ஒரு பெரிய வெள்ளை வீடு, கையில் ஜின் அண்ட் டானிக், வாசிக்க ஒரு கிராண்ட் பியானோ. இதுதான் அவர் கனவு கண்ட இந்தியா. துரை பங்களா! காட்டு ஈரத்தில் அந்தப் பியானோ எத்தனை நாள் சுருதியில் நிற்கும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. முன்பெல்லாம் இந்தப் பாட்டு வந்தால் தாண்டிப் போய்விடுவேன். இப்போது விட்டுவிடுகிறேன், மெம்ஃபிஸை விட்டு எங்காவது தப்பிக்க வேண்டும் என்ற ஏக்கம் மட்டும் அதில் நிஜம்.

கேள்வி: எல்லாம் போனிலேயே கேட்கக் கிடைக்கும்போது மறுவெளியீட்டுத் தட்டைக் காசு கொடுத்து வாங்குவது எதற்கு? ரீமாஸ்டர் என்று எழுதிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ரீமாஸ்டர் என்றால் பழைய ஒலிப்பதிவை மெருகேற்றி மறுபடி தட்டுக்குத் தயார் செய்வது. பல ரீமாஸ்டர்கள் சத்தத்தைக் கூட்டும் வேலைதான். ஒரு பாட்டில் மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் உள்ள இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். முதல் நிமிடம் பிரமாதமாக இருக்கும். நாலாவது பாட்டில் காது அசந்துவிடும். 1990களுக்குப் பிறகு வந்த எத்தனையோ சிடிகளுக்கு இந்த வியாதி உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள்? மாஸ்டர் டேப்பிலிருந்து (மூல ஒலிநாடா) ஒரு பிரதி, அதிலிருந்து இன்னொரு பிரதி என்று போகப் போக இரைச்சல் ஏறும், நுண்ணொலிகள் மங்கும். ஸெராக்ஸிலிருந்து ஸெராக்ஸ் எடுப்பது மாதிரி. 2020-இல் கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ் என்ற கம்பெனி முதல் இரண்டு ஆல்பங்களையும் 180 கிராம் எல்பியாகக் கொண்டுவந்தபோது, மெம்ஃபிஸ்காரரான ஜெஃப் பவல் முழுக்க அனலாக் முறையிலேயே மாஸ்டரிங் செய்தார். நடுவில் கணினி கிடையாது. என் காதுக்குத் தெரிந்த வித்தியாசம், டிரம்ஸ். ஸ்டீஃபன்ஸ் ஒரு சுற்று உருட்டும்போது ஒவ்வொரு டிரம்மும் எங்கே இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டிவிடலாம். பழைய சிடியில் அதெல்லாம் ஒரே கடகடவென்று போகும்.

அந்தச் சிடியோடு ஒப்பிட்டுச் சொல்கிறேனே தவிர, அது இப்போது என்னிடம் இல்லை. ஒரு நண்பர் வாரக் கடைசிக்கு என்று இரவல் வாங்கிப் போனார். எத்தனையோ வாரங்கள் ஆகிவிட்டன.

சரி, போனில் கேட்டால் குற்றமா? இல்லவே இல்லை. பாட்டு பிடித்த பிறகு தட்டைப் பற்றி யோசியுங்கள். தட்டை வாங்கி அலமாரியில் நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்காதவர்களையும் எனக்குத் தெரியும்.

கேள்வி: 'ரேடியோ சிட்டி' அட்டையில் ஒரு பல்பு தொங்குகிறது, சுற்றிலும் ரத்தச் சிவப்பு. என்ன அர்த்தம்?

பதில்: அர்த்தம் எனக்கும் தெரியாது, பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கும். வில்லியம் எகிள்ஸ்டன் 1973-இல் மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வுட்டில் எடுத்த படம் அது. சிவப்பு மேற்கூரை, ஒற்றை பல்பு, அதிலிருந்து பிரியும் வெள்ளை ஒயர்கள். அவர் சில்டன் குடும்பத்துக்கு வேண்டியவர். வண்ணப் புகைப்படத்தைக் கலையாக மதிக்க வைத்தவர்களில் முக்கியமானவர். அந்தப் படம் இன்று அருங்காட்சியகச் சரக்கு. தட்டு போகாத இடங்களுக்கெல்லாம் அட்டைப்படம் போய்விட்டது.

கேள்வி: உண்மையைச் சொல்லுங்கள். தோற்றுப் போனவர்கள் என்பதால்தானே உங்களைப் போன்றவர்கள் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? அன்றே ஜெயித்திருந்தால் திரும்பிப் பார்த்திருப்பீர்களா?

பதில்: இந்த வாரத்தின் நல்ல கேள்வி. பாதி குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். யாரும் கண்டுகொள்ளாத குழு என்றால் எங்களுக்கு ஒரு கிறுகிறுப்பு. புதையல் எடுத்த பெருமையில் பாதியை நாமே வைத்துக்கொள்ளலாம் அல்லவா. சில்டனுக்கே இந்தப் புகழ்மாலையில் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. 1980களின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் உணவகத்தில் பாத்திரம் கழுவிப் பிழைத்தவர். அவரைப் போய் மேதை மேதை என்றால் எரிச்சல் வராதா?

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் போகப் போக ஒரே மாதிரி மெதுவாகிவிடுகிறது. 'ரேடியோ சிட்டி'யில் சில இடங்கள் வேண்டுமென்றே சிதறி, தாளம் எங்கே விழுகிறது என்று தேட வைக்கும். ஆனால் அதே ஆல்பத்தில் 'செப்டம்பர் கர்ல்ஸ்' இருக்கிறது. மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டு. தொடக்கத்துக் கிடார் மணி போல ஒலிக்கும், மெட்டு சந்தோஷமாக ஏறும், பாடுகிறவர் மட்டும் சந்தோஷமாக இல்லை. கதை ஒன்றும் சொல்லாமல் இதை வீட்டில் ஓட விட்டேன். ராக் பக்கமே வராத என் அக்கா அடுத்த அறையிலிருந்து, "அதை இன்னொரு தடவை போடு" என்றார். தோல்விக் கதைக்கும் அக்காவுக்கும் சம்பந்தமில்லை. 1986-இல் பேங்கிள்ஸ் பெண்கள் குழு இதே பாட்டைத் தங்கள் ஆல்பத்தில் பாடியதற்கும் காரணம் இரக்கம் அல்ல என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. இங்கே கதையை மாற்றியது மறுவெளியீடுகள்தான், விமர்சகர்கள் இல்லை. 1978-இல் இங்கிலாந்தில் இஎம்ஐ முதல் இரண்டு ஆல்பங்களையும் இரட்டைத் தட்டாகப் போட்டது. 1992-இல் சிடிகள் வந்தன. கூடவே கிறிஸ் பெல்லின் 'ஐ ஆம் த காஸ்மோஸ்' முதல்முறையாக ஆல்பமாக வந்தது. அதைப் பார்க்க பெல் இல்லை. 1978 டிசம்பர் 27 அன்று கார் விபத்தில் போய்விட்டார், வயது 27. சிடிகள் வந்த மறு வருடம், 1993 ஏப்ரலில், மிசூரி பல்கலைக்கழக மாணவர் வானொலிக்காரர்கள் விளையாட்டுப்போலக் கூப்பிட, சில்டனும் ஸ்டீஃபன்ஸும் போசீஸ் என்ற ராக் குழுவின் இருவரைச் சேர்த்துக்கொண்டு பிக் ஸ்டாராக மேடை ஏறினார்கள். அந்த ஊரின் பெயர் என்ன தெரியுமா? கொலம்பியா. நான் கற்பனை செய்து எழுதியிருந்தால் ஆசிரியர் அடித்திருப்பார்.

கேள்வி: கடைசியில் பணமாவது வந்ததா?

பதில்: 'இன் த ஸ்ட்ரீட்' பாட்டு 1998-இல் தொடங்கிய 'தட் 70ஸ் ஷோ' என்ற தொலைக்காட்சித் தொடரின் முகப்புப் பாட்டானது. ஒவ்வொரு முறை ஒளிபரப்பும்போதும் தனக்கு 70 டாலர் வருவதாகச் சில்டன் ஒரு பேட்டியில் சொன்னார். தொடரின் பெயரோடு தொகை பொருந்தியதில் அவருக்கே சிரிப்பு.

கேள்வி: மூன்றாவது ஆல்பத்திலிருந்து தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் ஆல்பம், அதிலும் 'தி பாலட் ஆஃப் எல் கூடோ'. மூன்றாவதை ராத்திரி தனியாகக் கேட்காதீர்கள். தூக்கம் போனால் என்னைக் கேட்கக் கூடாது.

கேள்வி: இப்போது யாராவது இருக்கிறார்களா?

பதில்: சில்டன் 2010 மார்ச் 17 அன்று மாரடைப்பில் போனார். அந்த வாரமே ஆஸ்டின் இசை விழாவில் பிக் ஸ்டார் வாசிப்பதாக இருந்தது. அதே வருடம் ஜூலையில் ஹம்மல், 2014-இல் ஜான் ஃப்ரை. மிஞ்சியிருப்பவர் டிரம்மர் ஜோடி ஸ்டீஃபன்ஸ் ஒருவர்தான். முதல் ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டையொட்டி, ஆர்.இ.எம். குழுவின் மைக் மில்ஸ் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து ஊர் ஊராக அந்தப் பாட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார். ஹம்மல் எழுதி, ஸ்டீஃபன்ஸ் தன் குரலில் பாடிய 'வே அவுட் வெஸ்ட்' 'ரேடியோ சிட்டி'யில் இருக்கிறது. பயிற்சி பெற்ற பாடகரின் குரல் அல்ல. உச்சத்துக்குப் போகும் இடத்தில் லேசாக நடுங்கும். மறுவெளியீட்டில் அந்த நடுக்கமும் தெளிவாகக் கேட்கிறது.