சாலை போகாத ஊருக்கு வழி: வாசகர் கேள்வி-பதில்

கனடாவின் வின்னிபெக் நகரத்திலிருந்து, வடக்கே ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் சர்ச்சிலுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போய்த் துருவக் கரடி பார்க்கலாமா?
- டொராண்டோ வாசகர்

முடியாது, அந்த ஊருக்குச் சாலையே கிடையாது. விமானத்தில் சுமார் இரண்டரை மணி நேரம். ரயிலில் 1,700 கி.மீ., இரண்டு இரவுகள். வழியில் இருக்கும் தாம்சன் நகரம் வரை கார் ஓட்டி, அங்கிருந்து ரயிலேறினால் ஓர் இரவு மிச்சம்.

ரயில் அடிக்கடி தாமதமாகும். வடகோடியில் தண்டவாளம் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் நிலத்தின் மேல் ஓடுகிறது. கோடையில் மேல்மண் இளகினால் தடம் அங்கங்கே அமுங்கும், அதனால் வண்டி ஊர்ந்துதான் போகும். 2017 வசந்தகால வெள்ளத்தில் பாதை பல இடங்களில் அரித்துப்போய், 2018 கடைசி வரை ரயிலே இல்லை. திரும்பி வரும்போது ரயிலுக்கும் வின்னிபெக்கிலிருந்து கிளம்பும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழுநாள் விட்டு டிக்கெட் எடுங்கள்.

எந்த மாதம் போவது?
- கோவை வாசகி

கரடிக்கு அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரை. சர்ச்சில் ஆற்றின் நன்னீர் கலப்பதால் ஹட்சன் விரிகுடாவில் அந்தக் கரையோரம் சீக்கிரம் உறையும். ஜூலையில் கடல்பனி உருகிக் கரையேறியதிலிருந்து கிட்டத்தட்ட பட்டினி கிடக்கும் கரடிகள், உறைந்த கடலின் மேல் சீல் வேட்டைக்குப் போக அங்கே வந்து காத்திருக்கும். கடல் உறைந்ததும் கிளம்பிவிடும். ஒரு வாரம் பிந்தினால் வெறும் பனியைத்தான் பார்ப்பீர்கள். பெலுகா திமிங்கலத்துக்கு ஜூலை, ஆகஸ்ட். இரவு வானில் தெரியும் வடதுருவ ஒளிக்கு பிப்ரவரி, மார்ச். ஆகஸ்ட் கடைசியில் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் கிட்டலாம். ஆனால் கரடிக்காகவே போகிறவர் அதை நம்பிப் போக வேண்டாம்.

அங்கே வேலை கிடைத்திருக்கிறது. சின்னக் குழந்தையோடு குடிபோகலாமா? கரடி பயம்தான்.
- சென்னை வாசகி

2021 கணக்கெடுப்பில் ஊரில் 870 பேர். பள்ளி, மருத்துவமனை, நூலகம், நீச்சல்குளம் எல்லாம் ஒரே கூரைக்குள். பனிக்காலத்தில் இதன் அருமை புரியும். கரடியைப் பொறுத்தவரை ஊர் பழக்கங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். வீட்டையும் காரையும் பலர் பூட்டுவதில்லை, தெருவில் கரடி துரத்தினால் யாராவது உள்ளே பாய வேண்டுமே! இருட்டிய பின் நடக்காதீர்கள். கடற்கரைப் பாறைப் பக்கம் பகலிலும் தனியாக வேண்டாம். பாறைக்குப் பின்னால் படுத்திருக்கும் கரடி பக்கத்தில் போகும் வரை தெரியாது. குப்பையை வெளியே வைக்கவே கூடாது. ஹாலோவீன் இரவில் (அக்டோபர் 31) குழந்தைகள் வேடமிட்டு மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போக, கரடி வராமல் பார்க்கக் காவல் வண்டிகள் ஊரைச் சுற்றிவரும்.

ஊருக்குள் வரும் கரடியைப் பொறியில் பிடித்து ‘கரடிச் சிறை’யில் வைப்பார்கள். 28 அறைகள். தண்ணீர் உண்டு, சாப்பாடு கிடையாது. ஊர் என்றால் உணவு என்று அதற்குப் பழகிவிடக் கூடாது. பிறகு ஹெலிகாப்டரில் தூரமாகக் கொண்டுபோய் விடுவார்கள்.

காய்கறி விலை கண்ணைக் கட்டும். அரிசி, பருப்பை வின்னிபெக்கில் மொத்தமாக வாங்கி ரயிலில் போடுங்கள்.

கேமரா குளிரைத் தாங்குமா?
- மதுரை வாசகர்

குளிரை விட அறைக்குள் திரும்பும்போதுதான் ஆபத்து. சில்லிட்ட லென்ஸில் சூடான காற்றின் ஈரம் படிந்து, உள்ளேயும் பனிக்கும். வெளியில் இருக்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிட்டு உள்ளே வாருங்கள். இரண்டு மணி நேரம் பிரிக்காதீர்கள். மெமரி கார்டை மட்டும் முன்னாலேயே கழற்றிக்கொள்ளுங்கள், படம் பார்க்கக் கை துறுதுறுக்கும். பேட்டரிகள் சட்டைக்கு உள்பையில், உடம்போடு ஒட்டி இருக்கட்டும்.